நெட் அறுந்தாலும் வேலை அறுந்துவிடாமல் ஒரு வெப் சர்வரை நிறுவுவது: மலையூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஹோம்ஸ்டே, டீத்தூள் கடை, வாடகை வண்டி என்று எல்லோருக்கும் இப்போது ஒரு இணையதளம் வேண்டியிருக்கிறது. அதைச் செய்துகொடுக்கும் பிள்ளைகள் தளத்தை நன்றாகவே உருவாக்கிவிடுகிறார்கள். தடுமாறுவது சர்வரில்தான். பாதி வேலையில் கரண்ட் போகிறது, அல்லது காற்றுக்குக் கற்பூர மரம் ஒன்று ஃபைபர் கேபிள் மேல் சாய்கிறது. நெட் திரும்பி வரும்போது சர்வர் அரைகுறையாக நிற்கிறது, உள்ளேயும் நுழைய முடியவில்லை.

வழக்கமான வழிகாட்டிகள் நெட் அறுவதே இல்லை என்று நம்பி எழுதப்பட்டவை. இங்கே செய்யும் வேலைகளும் அதே வேலைகள்தான், வரிசை மட்டும் வேறு. எந்த நொடியில் நெட் போனாலும் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர முடிய வேண்டும் என்பதை வைத்துத்தான் இந்த வரிசையை அமைத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு உபுண்டு 24.04 (சர்வரின் இயங்குதளம்), என்ஜின்எக்ஸ் (பக்கங்களைப் பரிமாறும் மென்பொருள்), பிஹெச்பி (தளத்தின் நிரல் மொழி), மரியாடிபி (தரவுத்தளம்), அதன் மேல் வேர்ட்பிரஸில் (தளம் உருவாக்கும் மென்பொருள்) ஓடும் ஒரு ஹோம்ஸ்டே தளம் என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை எழுத்தெழுத்தாக இங்கே தரவில்லை, அவை ஒவ்வொரு கருவியின் மேன் பக்கத்திலேயே (கருவியோடு வரும் உதவிக்குறிப்பு) இருக்கின்றன. எதற்குப் பின் எது, ஏன் என்பதுதான் அங்கே இருக்காது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, ரவுட்டரில் இல்லை. கரண்ட் போனதும் உண்மையில் வேலையை நிறுத்துவது ரவுட்டர்தான். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் ஒட்டியிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், கரண்ட் மாறும் அந்த நொடியில் சில ரவுட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அடுத்தது இரண்டாவது இணைப்பு. ஃபைபர் ஒரு கம்பெனி என்றால் மொபைல் வேறு கம்பெனியாக இருக்கட்டும். நீங்கள் உட்காரும் அறையிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுப் பாருங்கள். மலையில் சிக்னல் ஊரைப் பொறுத்ததல்ல, எந்தச் சரிவில் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஹோஸ்டிங் கம்பெனியின் தளத்தில், பிரவுசர் வழியாகவே சர்வரின் திரையைத் திறக்கும் கன்சோல் என்று ஒன்று இருக்கும். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழக்கமான வழி) முழுவதும் பூட்டிக்கொண்டாலும் அந்த வழி திறந்திருக்கும். சர்வர் உருவானதும் முதல் வேலையாகக் கன்சோலைத் திறந்து பாருங்கள். 3ஆம் பகுதியில் பயனருக்குப் பாஸ்வேர்ட் வைத்ததும், அதைப் போட்டு உள்ளேயும் போய்ப் பாருங்கள். பிரச்சினை வந்த பிறகு அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கூடவே இன்னொன்று. ஹோஸ்டிங் கணக்குக்கும் டொமைன் கணக்குக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைக்கும்போது எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரும் முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டவர் விழுந்த நாளில்தான் உங்களுக்கு அந்தக் கணக்கு அவசரமாகத் தேவைப்படும். ஆத்தென்டிகேட்டர் செயலி நெட் இல்லாமலும் எண் காட்டும். அதன் மீட்புக் குறியீடுகளைக் கீபாஸ்எக்ஸ்சி மாதிரி ஒரு பாஸ்வேர்ட் பெட்டகத்தில் போட்டு வையுங்கள்.

2. சர்வரை எங்கே வைப்பது

வீட்டில் வேண்டாம். பழைய டெஸ்க்டாப்பை சர்வராக்கிவிடலாமே என்று வருகிறவர்களிடம் நான் கரண்டைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. மொபைல் இணைப்பிலும் பல ஃபைபர் இணைப்புகளிலும் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி கிடையாது. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து ஒருவர் நேராக உங்கள் கதவைத் தட்ட முடியாது.

வாடகை சர்வரை எடுங்கள், தளத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பக்கத்தில் எடுங்கள். டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரில் மையம் இருக்கிறது. லினோடுக்கு மும்பையிலும் சென்னையிலும் இருக்கிறது. ஹோம்ஸ்டே தளத்துக்கு 1 ஜிபி ரேம் கொண்டு சமாளிக்கலாம், 2 ஜிபி என்றால் நிம்மதி.

உபுண்டுவில் நீண்டகால ஆதரவுள்ள பதிப்பையே எடுக்க வேண்டும். 24.04க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். புதியது என்பதற்காக அதை எடுத்தால், அடுத்த மழைக்காலத்தில் முழு சர்வரையும் பதிப்பு மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

3. முதல் நுழைவு: சாவி, பயனர், அதன் பிறகுதான் பூட்டு

சர்வரை உருவாக்கும் முன்பே உங்கள் லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதில் நுழையப் பயன்படும் கோப்பு ஜோடி) ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். இடி25519 வகை போதும். சாவிக்கு ஒரு கடவுத்தொடரும் வையுங்கள். சர்வரை உருவாக்கும் படிவத்திலேயே அந்த ஜோடியில் உள்ள பொதுச் சாவியை ஒட்டிவிட்டால், முதல் நுழைவே சாவியால் நடக்கும்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய வரிசை இது: புதுப் பயனரை உருவாக்குங்கள், அவருக்கு ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள், அவரை சூடோ குழுவில் (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டக்கூடியவர்கள்) சேர்த்துவிடுங்கள், சாவியை அவருடைய எஸ்எஸ்ஹெச் அடைவுக்கு நகலெடுங்கள். அனுமதி எண் அந்த அடைவுக்கு 700, சாவிக் கோப்புக்கு 600 (உரிமையாளர் மட்டும் தொடலாம் என்று அர்த்தம்), இரண்டுக்கும் உரிமையாளர் அந்தப் பயனரே. இது தவறினால் சர்வர் காரணம் சொல்லாமல் சாவியை மறுத்துவிடும். பிள்ளைகள் சாவியே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் புதுச் சாவி செய்ய ஓடுவார்கள். பெரும்பாலும் ரூட்டாக (சர்வரின் முழு அதிகாரப் பயனர்) நகலெடுத்ததால் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து இன்னொரு டெர்மினல் திறந்து புதுப் பயனராக நுழைந்து, சூடோ வேலை செய்கிறதா பாருங்கள். பார்த்த பிறகுதான் பாஸ்வேர்ட் நுழைவையும் ரூட் நுழைவையும் மூட வேண்டும்.

மூடும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. முதன்மை எஸ்எஸ்ஹெச் கோப்பில் பாஸ்வேர்ட் நுழைவு 'நோ' என்று எழுதி ரீஸ்டார்ட் செய்வார்கள். ஆனால் அந்தக் கோப்பு, தொடக்கத்திலேயே பக்கத்து அடைவில் உள்ள சிறு கோப்புகளை இழுத்துக்கொள்கிறது. அங்கே 50 என்ற எண்ணில் தொடங்கும் கிளவுட்-இனிட் (சர்வர் உருவாகும்போது முதல் அமைப்பைச் செய்யும் கருவி) கோப்பு 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்ஹெச்சில் முதலில் படித்த மதிப்புதான் செல்லும், பின்னால் நீங்கள் எழுதியது கணக்கில் வராது. ஆகவே உங்கள் மாற்றத்தை 10 என்று தொடங்கும் தனிக் கோப்பாக அதே அடைவில் வையுங்கள். அப்புறம் எஸ்எஸ்ஹெச்டியை (சர்வர் பக்கத்து எஸ்எஸ்ஹெச் நிரல்) பெரிய டி விருப்பத்துடன் ஓட்டினால், நடைமுறையில் எந்த மதிப்பு இருக்கிறது என்று அதுவே பட்டியல் போடும். கோப்பில் எழுதியிருப்பதை நம்பாமல் அந்தப் பட்டியலை நம்புங்கள். சின்ன டி விருப்பம் எழுத்துப்பிழையைச் சோதிக்கும். அதை ரீஸ்டார்ட்டுக்கு முன்பே ஓட்டிவிட வேண்டும்.

பழைய டெர்மினலை மூடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் ஊரில் அந்த டெர்மினலை நீங்கள் மூட வேண்டியதில்லை, காற்றடித்தால் அதுவே மூடிக்கொள்ளும். அதனால்தான் முதல் படியிலேயே கன்சோலைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

போர்ட் 22ஐ (எஸ்எஸ்ஹெச் கேட்கும் கதவு எண்) வேறு எண்ணுக்கு மாற்றலாமா என்று கேட்பார்கள். சாவி மட்டும் என்று ஆன பிறகு அதனால் பெரிய பலன் இல்லை, பதிவுக்கோப்பில் குப்பை குறையும். மாற்றியே தீருவேன் என்றால், 24.04இல் எஸ்எஸ்ஹெச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போர்ட் மாறாது. சிஸ்டம்டியை (சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) மறுபடி படிக்கச் சொல்லி, எஸ்எஸ்ஹெச் சாக்கெட்டை (போர்ட்டில் காத்திருக்கும் பகுதி) ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

4. டிமக்ஸ், இதன் பிறகுதான் எந்த அப்டேட்டும்

பொதுவாக உள்ளே நுழைந்ததும் அப்டேட் ஓட்டுவார்கள். இங்கே அதற்கு முன் டிமக்ஸ், அதாவது இணைப்பு அறுந்தாலும் திரையை உயிரோடு வைத்திருக்கும் கருவி. எஸ்எஸ்ஹெச் அறுந்தால் அதற்குள் ஓடிக்கொண்டிருந்த வேலைக்கும் நிறுத்தச் சொல்லி சிக்னல் போகும். ஆப்ட் (மென்பொருள்களை நிறுவும் கருவி) பாதிப் பொதிகளைப் பிரித்துவிட்டு, மீதியை அமைக்காமல் நின்றுவிடலாம். டிமக்ஸுக்குள் ஓடினால் வேலை சர்வரிலேயே தொடரும். நீங்கள் திரும்பி வந்து டிமக்ஸ் அட்டாச் கொடுத்தால் அதே திரை, அதே இடம்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டிமக்ஸைத் தங்கள் லேப்டாப்பில் திறந்து, அதற்குள்ளிருந்து சர்வருக்குப் போவார்கள். இது எதையும் காப்பாற்றாது. டிமக்ஸ் சர்வருக்குள் ஓட வேண்டும். கீழே பச்சைப் பட்டை வருகிறதல்லவா, அதன் வலது ஓரத்தில் கணினியின் பெயர் இருக்கும். அங்கே உங்கள் லேப்டாப் பெயர் இருந்தால் தவறான இடத்தில் இருக்கிறீர்கள். சர்வரின் பெயர் இருந்தால் சரி. கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தி, விட்டு, டி அழுத்தி வெளியே வாருங்கள். திரும்ப அட்டாச் செய்யுங்கள். கை பழகும் வரை சும்மாவே சில முறை செய்துவிட்டு மேலே போங்கள்.

டிமக்ஸ் இல்லாமல் ஓட்டி ஏற்கெனவே அறுந்துவிட்டதா? ஆப்ட் 'பூட்டு' என்று திட்டினால் பூட்டுக் கோப்பை அழிக்காதீர்கள். பழைய ஆப்ட்டோ, தானியங்கி அப்டேட்டோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். செயல்களின் பட்டியலைப் பாருங்கள், முடியும்வரை காத்திருங்கள். ஒன்றும் ஓடவில்லை என்று உறுதியான பிறகு, பாதியில் நின்ற பொதிகளை அமைத்து முடிக்கும்படி டிபிகேஜியிடம் (ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் கருவி) சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே சரிசெய்துவிடும்.

டிமக்ஸோடு மோஷ் என்ற கருவியையும் போட்டுக்கொள்ளலாம். முதல் நுழைவை எஸ்எஸ்ஹெச் வழியாகவே செய்து, அதன் பிறகு யுடிபி என்ற வேறு இணைப்பு முறைக்கு மாறிக்கொள்ளும். ஃபைபரிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவினாலும், ஐபி மாறினாலும் இணைப்பு தானே தொடரும். அதற்கு 60000 முதல் 61000 வரையுள்ள யுடிபி போர்ட்கள் திறந்திருக்க வேண்டும். லேப்டாப்பே அணைந்துவிட்டால் மோஷ் உதவாது, டிமக்ஸ்தான் உதவும். ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்று இல்லை, இரண்டும் வேண்டும்.

5. ஃபயர்வால்: திறந்துவிட்டுப் பூட்டுங்கள்

யுஎஃப்டபிள்யூவில் (உபுண்டுவின் ஃபயர்வால் கருவி) முதலில் 22, தளத்துக்கான 80, 443, மோஷ் போர்ட்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கொடுங்கள். பிறகு இயக்குங்கள். வரிசை தலைகீழானால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

இயக்கும் முன் ஒரு பாதுகாப்பு வலை கட்டிக்கொள்ளலாம். சிஸ்டம்டி-ரன் கொண்டு 10 நிமிடம் கழித்து ஃபயர்வாலைத் தானே அணைக்கும்படி ஒரு வேலையைப் போட்டுவிட்டு, பிறகு இயக்குங்கள். புது டெர்மினலில் நுழைய முடிந்தால் அந்த வேலையை ரத்து செய்யுங்கள். முடியாவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், கதவு திறந்திருக்கும். எஸ்எஸ்ஹெச் அமைப்பை மாற்றும்போதும் இதையே செய்யலாம்: பழைய கோப்பைத் திரும்ப வைத்து ரீஸ்டார்ட் செய்யும் வேலையை முன்கூட்டிப் போட்டுவிடுங்கள்.

'என் ஐபியிலிருந்து மட்டும் 22 திறக்கட்டும்' என்ற யோசனை நகரத்து அலுவலகத்துக்குப் பொருந்தும். நம் ஐபி அடிக்கடி மாறும், ஹாட்ஸ்பாட்டில் அது இன்னும் மோசம். ஃபெயில்டுபேன் (தவறான முயற்சி செய்யும் முகவரிகளைத் தடுக்கும் கருவி) போடுகிறவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்வதால், யாரோ செய்த முயற்சிக்கு உங்கள் முகவரியும் தடைபடலாம். அதன் இயல்பான தடை நேரம் 10 நிமிடம்தான், அதைப் பல நாள்களாக ஏற்றிவிடாதீர்கள்.

டாக்கர் (நிரல்களைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) பயன்படுத்துகிறவர்களுக்கு: டாக்கர் வெளியிடும் போர்ட் யுஎஃப்டபிள்யூவைச் சுற்றிக்கொண்டு நேராக வெளியே போய்விடும். தரவுத்தளத்தை டாக்கரில் ஓட்டினால் 127.0.0.1 முகவரியோடு (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) சேர்த்து மட்டும் வெளியிடுங்கள்.

6. அப்டேட், நேரம், ஸ்வாப்

இப்போது டிமக்ஸுக்குள் அப்டேட். நேர மண்டலத்தை ஆசியா-கொல்கத்தா என்று வையுங்கள். வேர்ட்பிரஸுக்குள் அதைத் தனியாகவும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பதிவு மின்னஞ்சலில் ஐந்தரை மணி நேரம் பிசகும்.

1 ஜிபி ரேம் என்றால் ஸ்வாப் கோப்பு (ரேம் போதாதபோது உதவும் வட்டு இடம்) கட்டாயம். நினைவகம் தீர்ந்ததும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பெரிய ஆளாகப் பார்த்துக் கொல்லும், அது பெரும்பாலும் மரியாடிபி. தளத்தில் தரவுத்தள இணைப்புப் பிழை என்று மட்டும் தெரியும். பிள்ளைகள் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சர்வரின் பதிவேடான ஜர்னலில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடினால் காரணம் வெளியே வந்துவிடும்.

7. டிஎன்எஸ், சான்றிதழுக்கு முன்

டொமைனின் ஏ பதிவை (பெயரை ஐபி முகவரிக்குக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) முதலில் புது சர்வருக்குத் திருப்புங்கள். பழைய சர்வரிலிருந்து மாறுகிறீர்கள் என்றால், முந்தைய நாளே டிடிஎல்லை (பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறையுங்கள். 3600 என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே பழைய முகவரியை வாங்கி வைத்திருக்கிறவர்கள் ஒரு மணி நேரம்வரை பழைய சர்வருக்கே போவார்கள்.

புது வகை ஐபி முகவரியான ஐபிவி6க்குரிய, நான்கு ஏ கொண்ட பதிவு ஒன்று பழையதாகவே நிற்கிறதா பாருங்கள். தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சரிபார்க்கும்போது ஐபிவி6 இருந்தால் அதைத்தான் முதலில் தட்டும். உங்கள் பிரவுசரில் தளம் நன்றாகத் தெரியும், சான்றிதழ் மட்டும் கிடைக்காது.

8. தளத்தை ஏற்றுவது

படங்களை எஃப்டிபியில் ஏற்றாதீர்கள். ஆர்சிங்க் பயன்படுத்துங்கள், பாதிக் கோப்பை வைத்துக்கொள்ளும் விருப்பத்தோடு. நெட் அறுந்தால் அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும், மீதி மட்டும் போகும். மூல அடைவின் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தால் உள்ளடக்கம் போகும், இல்லாவிட்டால் அடைவே போய் உள்ளே உட்காரும். 'தளம் அடைவுக்குள் இன்னொரு தளம்' என்ற குழப்பம் வருவது இங்கேதான். டிலீட் விருப்பத்தை (மூலத்தில் இல்லாததை சர்வரிலும் அழிப்பது) ஒத்திகை ஓட்டம் பார்க்காமல் தொடவே கூடாது.

என்ஜின்எக்ஸ் அமைப்பை மாற்றியதும் சோதனை, பிறகு ரீலோட் (சேவையை நிறுத்தாமல் அமைப்பை மறுபடி படிக்கச் சொல்வது). ரீஸ்டார்ட் வேண்டாம். பிழையுள்ள அமைப்போடு ரீலோட் கொடுத்தால் பழைய அமைப்பிலேயே தளம் ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் சேவை நின்றுவிடும், அதே நேரம் நெட்டும் போனால் தளம் கவிழ்ந்தது கவிழ்ந்தபடி கிடக்கும்.

ஹோம்ஸ்டே அக்கா போனில் எடுத்த தோட்டத்துப் படத்தை ஏற்றப் பார்ப்பார், 413 என்று பிழை வரும். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது. அதை ஏற்றினாலும் பிஹெச்பி 2 எம்பியில் நிறுத்தும். அதைத் தாண்டினால் பிஹெச்பியின் மொத்தப் படிவ வரம்பு 8 எம்பி. மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எழுத முடியவில்லை என்று பிழை வந்தால் 777 (எல்லோருக்கும் எழுத அனுமதி) கொடுக்காதீர்கள். அடைவுக்கு 755, கோப்புக்கு 644, உரிமையாளரைச் சரிசெய்யுங்கள். பிரச்சினை பெரும்பாலும் உரிமையாளரில்தான் இருக்கும்.

9. சான்றிதழ்

சான்றிதழை வாங்கித் தரும் செர்ட்பாட் கருவியை முதலில் ஒத்திகை ஓட்டத்தில் ஓட்டுங்கள். ஒரு பெயருக்கு மணிக்கு 5 தோல்விக்கு மேல் லெட்ஸ் என்கிரிப்ட் அனுமதிக்காது. அதே பெயர்களுக்கான சான்றிதழ் வாரத்துக்கு 5தான். பதற்றத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர்கள் இந்த வரம்பில் மாட்டிக் காத்திருப்பார்கள்.

சான்றிதழ் 90 நாள் செல்லும், புதுப்பிப்பைச் செர்ட்பாட்டின் டைமர் பார்த்துக்கொள்ளும். எல்லாம் 443க்கு வந்துவிட்டதே என்று போர்ட் 80ஐ மூடிவிடாதீர்கள். வழக்கமான சரிபார்ப்பு அந்த வழியாகத்தான் நடக்கிறது.

10. பேக்கப், கண்காணிப்பு, சீசனுக்கு முன் ஒரு ரீஸ்டார்ட்

பேக்கப் உங்கள் லேப்டாப்புக்கு வரக் கூடாது, அல்லது அங்கே மட்டும் வரக் கூடாது. சர்வரே இரவில் தரவுத்தளத்தை டம்ப் (முழு நகல்) எடுத்து, ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி கொண்டு வேறொரு கம்பெனியின் சேமிப்பிடத்துக்கு அனுப்பட்டும். மலையில் நெட் இல்லாத இரவிலும் அது நடக்கும். டம்ப் எடுக்கும்போது ஒற்றைப் பரிவர்த்தனை விருப்பத்தைக் கொடுங்கள். மரியாடிபியின் இயல்பான வகையான இன்னோடிபி அட்டவணைகளைப் பூட்டாமலே ஒரே நேரத்து நிலை கிடைக்கும். ரெஸ்டிக்கின் பாஸ்வேர்ட் தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது, வேறு வழியே கிடையாது. அது சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது. புது சர்வர் ஒன்றை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, பேக்கப்பிலிருந்து தளத்தை எழுப்பிப் பார்த்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம்.

கண்காணிப்பு சர்வருக்கும் வெளியே, நம் மலைக்கும் வெளியே இருக்க வேண்டும். நம் நெட் போகும்போது தளம் கவிழ்ந்ததா, நாம் கவிழ்ந்தோமா என்று இங்கிருந்து தெரியாது. அப்டைம் குமா என்ற கண்காணிப்புக் கருவியை வேறொரு சிறு சர்வரில் ஓட்டி டெலிகிராமுக்கு எச்சரிக்கை வரவைக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு நண்பருக்கு போன் போடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் எதையும் மாற்றாதீர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்றான பிறகு, ஹோம்ஸ்டே தளத்தில் இ-பாஸ் இணைப்பைத் தேடி மேட்டுப்பாளையத்தில் வண்டியில் உட்கார்ந்தபடி திறக்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் செருகுநிரல் அப்டேட் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மாற்றம் எல்லாம் மார்ச்சுக்குள் முடியட்டும்.

மார்ச்சில் செய்ய வேண்டிய கடைசி வேலை, சர்வரை முழுதாக ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது. கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். என்ஜின்எக்ஸ், பிஹெச்பி, மரியாடிபி மூன்றும் தானாக எழ வேண்டும். ஸ்வாப் திரும்ப வர வேண்டும், எஃப்எஸ்டேப் கோப்பில் (தொடக்கத்தில் எதை இணைப்பது என்ற பட்டியல்) அதன் வரியைச் சேர்க்க மறந்திருந்தால் வராது. ஃபயர்வால் இயங்க வேண்டும், செர்ட்பாட் டைமர் பட்டியலில் இருக்க வேண்டும். எது எழவில்லையோ அதை 'எனேபிள்' (தானாகத் தொடங்கும்படி) செய்துவிட்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.